விறகுக் கொட்டகைக்குள் வெந்நீர்

லோகேஸ்வரன் ஸ்பெயினுக்குப் போய் வந்ததில் ஆபத்து வந்தது பத்மாவின் குளியலறைக்குத்தான்.

இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் லோகேஸ்வரனைத் தெரியாதவர்கள். மலேசியாவின் கேமரன் மலையில், ரிங்லெட்டுக்கு மேலே, தேயிலைச் சரிவின் இடுக்கில் தொற்றிக்கொண்டிருக்கும் மேல் லயத்தில், ஒரே வரிசையில், மொத்தமே பத்து வீடு. கடைசி வீடு அவருடையது. தோட்டத்து ஆபீசில் பெரிய கிராணியாக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக, இருந்து ஓய்வு பெற்றவர். கிராணி நாற்காலியை விட்டு அவர் எழுந்து வருஷக்கணக்காகிறது; நாற்காலிதான் இன்னும் அவரை விட்டு எழுந்து போகவில்லை. மழை வருகிறது என்று யாராவது சொன்னால்கூட, மனுவைப் பெற்றுக்கொண்டவர் போலத் தலையைக் கொஞ்சம் சாய்த்து, "பார்க்கலாம்" என்பார்.

ஒட்டிய வீடு தம்பி உதயனுடையது. திரிங்காப்பிலிருந்து கோசும் தக்காளியும் ஏற்றிக் கீழே கொண்டுபோகும் லாரி ஓட்டுகிறவன். அவன் மனைவிதான் பத்மா. தேயிலை ஃபாக்டரியில் காலை ஷிப்டு. விடிவதற்கு முன் எழுந்து, மலையிலிருந்து பைப்பில் வரும் தண்ணீரில் குளித்துவிட்டு ஓட வேண்டும். கேமரன் மலையில் அந்த நேரத்தில் முதல் குவளையைத் தலையில் கவிழ்த்துக்கொள்கிறவருக்கு, படித்த தேவாரம், படிக்காத தேவாரம் எல்லாம் ஒன்றாக வாயில் வரும். அடுப்பில் சுட வைக்கலாம்தான். ஆனால் கொல்லையைக் கடந்து குளிக்கிற மறைப்புக்குத் தூக்கிக்கொண்டு போவதற்குள் அது வெந்நீர் என்ற பட்டத்தை இழந்துவிடும். கல்யாணமான நாளிலிருந்து பத்மா இப்படித்தான் நடுங்கி நடுங்கி சுத்தமாகிக்கொண்டிருந்தாள்.

போன வருஷம் ஈப்போவில் நர்ஸ் வேலைக்குப் போன மகள் பூவிழி, முதல் காரியமாக அம்மாவுக்கு ஒரு வாட்டர் ஹீட்டர் வாங்கிக் கொடுத்தாள். ஹீட்டர் வந்தால் அதை மாட்டச் சுவர் வேண்டும். சுவர் எழுப்பினால் அதற்குள் ஒரு கக்கூஸும் வைத்துவிடலாமே என்று உதயனுக்குத் தோன்றியது. அடுப்படிக்குப் பின்னால் ஒட்டி அழகாக ஒரு சின்ன அறை எழும்பியது. டைல்ஸ் பத்மாவே பிரிஞ்சாங்கில் கடை கடையாக ஏறி இறங்கிப் பொறுக்கியது: ரோஸ் நிறம், நடுவில் துள்ளும் டால்பின். கடல் பக்கமே அதிகம் போகாதவளுக்கு எதற்கு டால்பின் என்று கேட்டதற்கு, "அது சிரிக்குதுல்ல, காலையில யாராச்சும் சிரிக்கணும்ல" என்றாள்.

கதவு மாட்டியாயிற்று. ஹீட்டரும் சுவரில் ஏறியாயிற்று. ஒயர் இழுக்கிற ஆள் வர வேண்டியதுதான் பாக்கி. அந்த வாரம் பார்த்து லோகேஸ்வரன் ஸ்பெயினிலிருந்து இறங்கினார்.

பத்மா அவரிடம் நேரில் போய் நியாயம் கேட்டிருக்கலாமே என்றால், அதிலும் ஒரு சிக்கல். அவள் இந்த வீட்டுக்கு வாழ வந்த அன்று மாமியார் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று: புருஷனின் அண்ணனோடு முகம் கொடுத்துப் பேசக் கூடாது. மாமியார் போய்ச் சேர்ந்துவிட்டார். சட்டம் இருந்தது. சொல்ல வேண்டியதைப் பத்மா உதயன் மூலம் சொல்வாள். உதயன் லாரியோடு போயிருந்தால் பூனை மூலம் சொல்வாள். பூனைக்குப் பேர் கங்காணி. ஒரு வேலையும் செய்யாமல் லயம் முழுக்க நடந்து எல்லோரையும் முறைத்துப் பார்ப்பதால் வைத்த பேர்.

லோகேஸ்வரனின் மனைவி இறந்த பிறகு அவருக்குச் சாப்பாடு தம்பி வீட்டில்தான். லயத்து நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது. இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் நூறாயுசு சொல்லலாம். அதனால் சிரமமில்லை.

"கங்காணி, சோறு ஆறுதுன்னு சொல்லு" என்பாள் பத்மா, கரண்டியைத் தட்டிக்கொண்டே.

"கங்காணி, வர்றேன்னு சொல்லு" என்று சுவருக்கு மேலே பதில் வரும்.

இப்படியே கால் நூற்றாண்டு, ஒரு சண்டை சச்சரவு இல்லாமல் ஓடியது. பூனைகள்தான் இடையில் மாறின.

மகன் அனுப்பி வைத்த ஸ்பெயின் சுற்றுலாவில் லோகேஸ்வரன் பார்த்தது எத்தனையோ. ஆனால் பஸ் அரை நாள் நின்ற ஒரு மலைக்கிராமம் மட்டும் அவர் தலைக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது. பென்யாசோர்தா என்று பேர். பேரைச் சொல்லும்போது நடுவில் நாக்கை ஒரு சுழற்று சுழற்றுவார்; முன்வரிசையில் இருப்பவர்கள் முகத்தைத் துடைத்துக்கொள்வார்கள். வந்த வாரமே மாரியம்மன் கோயில் மண்டபத்தில் வெள்ளைத் துணி கட்டி, படம் காட்டக் கூட்டம் போட்டுவிட்டார்.

"கருங்கல் வீடு. கூரையும் கல்லு. நூத்துக்கணக்கான வருஷமா ஒரு கல்லக்கூட மாத்தல" என்றார்.

"ஒழுகுமே" என்றான் முனியாண்டி. லயத்தின் முதல் வீட்டுக்காரன், தோட்டத்து டிராக்டர் டிரைவர். எந்தக் கூட்டத்திலும் எதிர்க்கட்சி.

"ஒயர் தொங்காது. ஆஸ்ட்ரோ டிவி தட்டு கெடையாது. பிளாஸ்டிக் நாற்காலி கெடையாது."

"ஆளு?"

"என்னது?"

"ஒரு போட்டோவுலயும் ஆளக் காணமே கிராணியாரே. எல்லாம் எங்க போனாங்க?"

"அதுதான்யா அமைதி! அமைதியப் போட்டோ புடிச்சா அப்படித்தான் இருக்கும்!"

கடைசியில் ஒரு ஆள் வந்தாள். கல்வீட்டு வாசலில் கறுப்பு உடுத்த ஒரு கிழவி, மடியில் கம்பளி நூல், கையில் பின்னல் ஊசி. லோகேஸ்வரன் அந்தப் படத்தை வெகுநேரம் நிறுத்தி வைத்தார். "பாருங்க. காலம் அப்படியே நின்னுருச்சு. நாமளும் மலைக்கிராமம்தான். நமக்கு என்ன கொறச்சல்?"

"வெந்நீ" என்று பின்வரிசையில் பத்மா பக்கத்துப் பெண்ணின் காதில் சொன்னாள். மண்டபம் சின்னது, சுவரும் உண்டு, எதிரொலியும் உண்டு. பத்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். லோகேஸ்வரன் கேட்காதது போல அடுத்த படத்துக்குப் போனார்.

மறுநாளே 'மேல் லயப் பாரம்பரிய மலைக்கிராமப் பேணல் குழு' பிறந்தது. தலைவர் லோகேஸ்வரன். செயலாளர் பதவிக்குத் தகுதியான ஆள் கிடைக்காததால் அதையும் அவரே சுமந்தார். அடுத்த நாள் பென்யாசோர்தாவின் ஊர்த்தலைவிக்கு மின்னஞ்சல் போனது: தங்கள் கிராமமும் எங்கள் கிராமமும் சகோதரக் கிராமங்களாக ஆக வேண்டும், ஒப்பந்தம் தயார், வருக. யாரும் பதில் போட மாட்டார்கள் என்ற தைரியத்தில்தான் மனிதர்கள் இப்படி எழுதுவது. ஆனால் பதில் வந்துவிட்டது. ஊர்த்தலைவியும் கணவரும் மலேசியாவுக்கு விடுமுறையில் வருகிறார்களாம். ஒரு பகல் மலைக்கு ஏறி வந்து பார்த்துவிட்டுப் போகிறார்களாம்.

இப்போதைய துரை, அதாவது தோட்ட மானேஜர், கோலாலம்பூர்ப் பையன், குகனேஸ்வரன். ஒரு காலத்தில் வெள்ளைக்காரன் உட்கார்ந்த பங்களாவில் இப்போது இவன் உட்கார்ந்திருந்தாலும் துரை துரைதான். ஸ்பெயின், ஒப்பந்தம், சுற்றுலா என்று காதில் விழுந்ததும் அவன் கண் அகலமானது. ஒப்பந்தம் கையெழுத்தானால் லயத்தைப் பழையபடி ஆக்கிவிடலாம், பிற்காலத்து ஒட்டுக் கட்டடங்களை எல்லாம் இடித்துவிடலாம் என்று சொல்லிவிட்டான். எது பழசு, எது ஒட்டு என்று பிரித்துச் சொல்லும் பொறுப்பு குழுத் தலைவருக்கு.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் உதயன் விஷயத்தைச் சொன்னான். பத்மா பரிமாறுவதை நிறுத்தினாள். அப்புறம் கேட்டாள், "ஏங்க, உங்க அண்ணனுக்கு என் டால்பின் மேல என்னங்க கோவம்?"

"அவரு பாரம்பரியம்ங்கறாருடி."

"வீட்டோட கக்கூஸ் இல்லாததா பாரம்பரியம்? நீங்க கேக்கலயா?"

"கேட்டேன். 'தம்பி, நீ லாரியப் பாரு'ன்னுட்டாரு."

பத்மா கறிக்கரண்டியைப் பூனையை நோக்கி நீட்டினாள். "கங்காணி, ரசம் முடிஞ்சிருச்சுன்னு சொல்லு." ரசம் சட்டி நிறைய இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம், சாப்பிட வரக் கையில் எடுத்த தட்டு மெதுவாகத் தரையில் வைக்கப்படும் சத்தம் கேட்டது.

விருந்தாளிகள் வருவதற்கு முந்தின நாள் லயம் முதுமை அடைந்தது. ஆஸ்ட்ரோ தட்டுகளுக்குக் கோணிச் சாக்கு போர்த்தினார்கள். கார் காடியும் மோட்டார் சைக்கிளும் ஃபாக்டரிக்குப் பின்னால் ஒளிந்தன. கொல்லையில் வரிசையாக நின்ற கக்கூஸ்களின் நீலப் பிளாஸ்டிக் கதவுகள் லோகேஸ்வரனின் கண்ணை உறுத்தின. "அகற்றுக" என்றார். பத்துக் கதவையும் கழற்றிக் கோயில் மண்டபத்தில் அடுக்கினார்கள். ஒரு நாள்தானே, சமாளித்துக்கொள்ளுங்கள் என்றார். வெள்ளைக்காரன் காலத்துப் பொதுக் கக்கூஸ் ஒன்று லயத்தின் கோடியில் பாதிச் சுவரோடு நின்றது. அதற்குச் சுண்ணாம்பு அடித்து, பூச்சட்டி வைத்து, காட்சிப் பொருளாக்கினார்.

பத்மாவின் குளியலறையை ஒரே நாளில் இடிக்க முடியாது. அதனால் அதை மூங்கில் தட்டியால் மூடி, கதவுக்கு இருபுறமும் விறகு அடுக்கச் சொன்னார். லயத்தில் காஸ் அடுப்பு வந்த பிறகு விறகு ஏது? உதயன்தான் லாரியில் போய் விறகு கொண்டுவந்தான். தன் மனைவியின் ஆசையைத் தன் கையாலேயே கட்டை கட்டையாக மூடினான். தட்டிக்கு மேலே ஒரு பலகை ஏறியது. மூன்று மொழியில் பளிச்சென்று எழுத்து: 'விறகுக் கொட்டகை, 1934'. அந்த வருஷத்தை லோகேஸ்வரனே நின்று யோசித்துத் தேர்ந்தெடுத்தார்.

பத்மா அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கண் கலங்கியது. ஆனால் கலங்கின கண்ணோடும் ஒரு கணக்கு ஓடியது அவளுக்கு. மறுநாள் காலை லோகேஸ்வரன் விருந்தாளிகளை வரவேற்க மலையடிவாரத் தாப்பா வரைக்கும் இறங்கிப் போன நேரத்தில், உதயனின் கூட்டாளி ஒருவன் பிரிஞ்சாங்கிலிருந்து வந்து, தட்டிக்குள் புகுந்து, ஒயரை இழுத்துக் கொடுத்துவிட்டுப் போனான்.

"எதுக்குடி? நாளைக்கு இடிக்கப் போறதுக்கு?" என்றான் உதயன்.

"இடிக்கட்டும். அதுக்கு முன்னாடி ஒரே ஒரு வாட்டி சுடச்சுட ஊத்திக்கிறேன். இன்னைக்கு இவங்க போனவுடனே நான் உள்ள போறேன். யாரு கூப்பிட்டாலும் வர மாட்டேன், சொல்லிட்டேன்."

துண்டும், பூவிழி வாங்கித் தந்த மல்லிகை வாசனை சோப்பும், மாற்றுப் புடவையும் உள்ளே கொக்கியில் ஏறின.

பகல் ஏறியதும் வேன் வந்தது. கூடவே மழையும் வந்தது. ஊர்த்தலைவியின் பேர் பிலார். அறுபதைத் தாண்டிய, கட்டையான, சிரித்த முகத்து அம்மா. கணவர் அன்செல்மோ, தொப்பியும் பெரிய மீசையும். இருவருக்கும் தமிழ் மொழிபெயர்க்க தர்மா என்ற கோலாலம்பூர் வழிகாட்டி. ஸ்பானிஷ் படித்தவன். அவர்களுக்குப் பின்னால் கோட்டு போட்டுக்கொண்டு லோகேஸ்வரன் இறங்கினார். அவருக்குப் பின்னால் குடையோடு துரை.

பெண்களெல்லாம் தலையில் துணி கட்டி, இடுப்பில் சாக்குப் படுதா கட்டி வரிசையாக நின்றார்கள். முனியாண்டிக்கு ஒரு பழைய கூடையைக் கொடுத்து வாசலில் உட்கார்ந்து பின்னும்படி உத்தரவு. அவனுக்குக் கூடை பின்னத் தெரியாது. பிரித்துக்கொண்டிருந்தான்.

லோகேஸ்வரன் தொண்டையைச் செருமினார். "தர்மா, சொல்லுங்க. இந்த மலையில ஒரு வழக்கம். வீட்டு வாசப்படி ஏறினா தேத்தண்ணி குடிக்காம இறங்கக் கூடாது. வேணாம்னு சொன்னா வீட்டையே அவமதிச்ச மாதிரி. எத்தன வீடோ அத்தன கிளாஸ். கூட்டிட்டு வர்றவரும் கூடவே குடிக்கணும். இது எங்க பாரம்பரியம்."

வழக்கம் உண்மைதான். ஆனால் லயத்தில் யாரும் ஒரே நாளில் பத்து வீடு ஏறுவதில்லை.

முதல் வீட்டில் பெரிய கிளாஸ். இரண்டாவது வீட்டில் இஞ்சி தட்டிப் போட்டது. மூன்றாவது வீட்டில், முதல் இரண்டு வீட்டுக்குச் சளைத்தவர்கள் இல்லை என்று காட்ட, சொம்பிலேயே கொடுத்தார்கள். அன்செல்மோ விவரமானவர், இரண்டாவது வீட்டிலேயே கிளாஸை யாரும் பார்க்காதபோது ஜன்னல் வழியாகக் கவிழ்த்தார். பிலார் மரியாதை தெரிந்தவள். ஒவ்வொன்றையும் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்து, ஒவ்வொரு வீட்டுப் பெண்ணையும் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள். லோகேஸ்வரனும் குடித்தார். வேறு வழி? வழக்கத்தைச் சொன்னதே அவர். வீட்டுக்கு வீடு நடக்கிற இடைவெளியில் மழை அவர்கள் மேல் விழுந்துகொண்டேயிருந்தது. துரையின் குடை துரைக்கு மட்டும்தான் போதுமானதாக இருந்தது.

ஏழாவது வீட்டிலேயே பிலாரின் சிரிப்பு கொஞ்சம் இறுகிவிட்டது. பத்மாவின் வீடு ஒன்பதாவது. அவள் கிளாஸை நீட்டியபோது பிலார் அதை வாங்காமல், அவள் கையைப் பிடித்துக்கொண்டு தர்மாவின் காதில் ஏதோ சொன்னாள்.

"அம்மா டாய்லெட் கேக்குறாங்க" என்றான் தர்மா. "கொஞ்சம் அவசரம்லா."

லோகேஸ்வரன் முகம் மலர்ந்தது. இதற்கும் அவரிடம் ஏற்பாடு இருந்தது. "நம்ம பாரம்பரியக் கழிப்பறை ஒண்ணு இருக்கு. வாங்க" என்று கோடிக்கு நடத்திப் போனார். பிலார் பூச்சட்டியைப் பார்த்தாள். பாதிச் சுவரைப் பார்த்தாள். கூரை இருக்க வேண்டிய இடத்தில் மேகத்தைப் பார்த்தாள். உள்ளேயிருந்து ஒரு தவளை அவளைப் பார்த்தது.

"அழகா இருக்காம்" என்று மொழிபெயர்த்தான் தர்மா. "நெசமான டாய்லெட் எங்கன்னு கேக்குறாங்க."

எல்லோரும் கொல்லையைத் திரும்பிப் பார்த்தார்கள். வரிசையாக அத்தனை கக்கூஸ். வரிசையாக அத்தனை வாசல். ஒன்றுக்கும் கதவில்லை.

"கதவெல்லாம் கோயில்ல இருக்கு, கிராணியாரே" என்று நினைவூட்டினான் முனியாண்டி. "ஆத்தா காவல்ல பத்திரமா இருக்கு."

பிலார் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறினாள். பத்மாவால் அதற்கு மேல் பார்க்க முடியவில்லை. கால் நூற்றாண்டாகக் குளிரில் கொல்லைக்கு ஓடியவளுக்கு அந்தக் கால் மாற்றம் எந்த மொழியிலும் புரியும். ஒன்றும் பேசாமல் பிலாரின் கையைப் பிடித்து அடுப்படி வழியாக இழுத்துக்கொண்டு போய், விறகை நாலு கட்டை உதைத்துத் தள்ளி, தட்டியை விலக்கி, கதவைத் திறந்து விளக்கைப் போட்டாள்.

ரோஸ் டைல்ஸ் பளபளத்தது. டால்பின்கள் சிரித்தன. பிலார் மூச்சை உள்ளே இழுத்த சத்தம் வாசல் வரைக்கும் கேட்டது. தோட்டத்தைப் பார்த்தபோதும், மலையைப் பார்த்தபோதும், லோகேஸ்வரனின் கோட்டைப் பார்த்தபோதும் வராத சத்தம் அது.

கதவு சாத்திக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் ஒரு கையளவு திறந்தது. பிலார் தலையை மட்டும் நீட்டி தர்மாவிடம் பேசினாள்.

"ஹீட்டர் வேல செய்யுமான்னு கேக்குறாங்க. உடம்பு பூரா நனைஞ்சு வெறைச்சுப் போச்சாம். அஞ்சே நிமிஷம் குளிச்சுக்கட்டுமான்னு..."

பத்மா கொக்கியில் தொங்கும் துண்டைப் பார்த்தாள். சோப்புக் கவர்கூடப் பிரிக்கவில்லை. அந்த அறையின் முதல் வெந்நீர். அவளுடையது. நாளைக்கு இருக்குமோ இல்லையோ.

பிலாரின் உதடு நீலமாக இருந்தது.

"குளிக்கச் சொல்லுங்க தம்பி" என்றாள் பத்மா. "துண்டு இருக்கு. சோப்பப் பிரிச்சுக்கச் சொல்லுங்க. வாசனை நல்லா இருக்கும்."

உள்ளே தண்ணீர் கொட்டும் சத்தம் ஆரம்பித்தது. தட்டியின் இடுக்கு வழியாக ஆவி வெளியே வந்தது. '1934' என்ற எழுத்தைச் சுற்றி மல்லிகை மணத்தது. பிறகு ஸ்பானிஷில் பாட்டு வந்தது.

மற்றவர்கள் கொல்லை இறவாரத்தில் மழைக்கு ஒதுங்கி நின்றார்கள். துரை பலகையைப் படித்தான், ஆவியைப் பார்த்தான், மறுபடி பலகையைப் படித்தான். லோகேஸ்வரன் நிலைமையைத் தூக்கி நிறுத்த நினைத்து அன்செல்மோவிடம் திரும்பினார். ஆனால் லோகேஸ்வரனுக்கே ஏதோ சரியில்லை. முழங்கால்களை ஒட்டி வைத்துக்கொண்டு நின்றார்.

"சொல்லுங்க தர்மா. உங்க பென்யாசோர்தா மாதிரி ஒரு ஒழுக்கம் எங்களுக்கு இன்னும் வரல. ஆனா வரும்."

அன்செல்மோ கேட்டுவிட்டுச் சிரித்தார். நீளமாக ஏதோ சொன்னார்.

"அங்க இவங்க குடியிருக்கிறதே இல்லையாம்" என்றான் தர்மா. "கீழ டவுன்ல ஃபிளாட்டாம். ஒரு ஜன்னல மாத்தணும்னாகூட எங்கெங்கயோ எழுதிப் போட்டு வருஷக்கணக்கா காத்திருக்கணுமாம். குளிருக்கு எல்லாரும் கீழ இறங்கிட்டாங்களாம். பஸ் வர்ற அன்னைக்கு மட்டும் மேல போயி கதவத் திறந்து வைப்பாங்களாம்."

"அந்த அம்மா? கம்பளி பின்னிக்கிட்டு..."

தர்மா கேட்டான். அன்செல்மோ சிரிப்புத் தாங்காமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"அது இவரு அக்காவாம். பஸ்ஸு சத்தம் கேட்டா கறுப்பு கவுனு போட்டு உக்காருமாம். பின்னத் தெரியாதாம். அந்த ஊசியும் நூலும் இத்தன வருஷமா அதே ஊசி, அதே நூலுதானாம்."

"பாத்தீங்களா!" என்றான் முனியாண்டி, பிரித்து முடித்த கூடையைக் காட்டி. "நாந்தான் அப்பவே சகோதரக் கிராமத்து வேலைய ஆரம்பிச்சிட்டேன்."

வேறு ஒரு நாளாயிருந்தால் லோகேஸ்வரன் இதற்கு மனம் உடைந்திருப்பார். இன்று அதற்கு நேரமில்லை. எட்டு வீட்டுத் தேத்தண்ணீர், அதில் ஒன்று சொம்பு. மழையோ சொட்டுச் சொட்டென்று காது பக்கத்திலேயே விழுந்துகொண்டிருந்தது. உள்ளே பிலார் இரண்டாவது பாட்டை எடுத்தாள். அவர் கொல்லையை ஒருமுறை பார்த்தார்: கதவில்லாத வாசல்கள். லயத்துப் பெண்கள் மொத்தமும் அங்கேதான் நின்றார்கள். பெரிய கிராணி அதற்குள் போய் உட்கார முடியாது.

கடைசியில் கதவு திறந்தது. தலையில் துண்டோடு, பழுத்த மங்குஸ்தான் போலச் சிவந்து பிலார் வந்தாள். பத்மாவைக் கட்டிப் பிடித்து, கன்னத்தில் முத்தமிட்டு, போதாதென்று நெற்றியிலும் முத்தமிட்டாள். லோகேஸ்வரன் ஒரே எட்டில் கதவருகே வந்தார்.

வாசலில் பத்மா நின்றிருந்தாள். நகரவில்லை.

அவர் வலப்பக்கம் பார்த்தார். அவளும் அந்தப் பக்கமே சாய்ந்தாள். உதயன் வேன் பக்கம் போயிருந்தான். முகம் பார்த்துப் பேசும் வழக்கம் இல்லை. லோகேஸ்வரன் கண்ணால் தேடினார். விறகுக் கட்டை மேல் பூனை சுருண்டு கிடந்தது.

"கங்காணி" என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு. "கொஞ்சம் வழி விடச் சொல்லு."

"கங்காணி" என்றாள் பத்மா, கூரையைப் பார்த்து. "மேல இருக்கிற பலகைய வாசிக்கச் சொல்லு."

"விறகுக் கொட்டகை."

"அதுல விறகுதான இருக்கும்? இவங்களுக்கு எதுக்கு விறகுன்னு கேளு."

முனியாண்டி 'க்ளுக்' என்றான். லோகேஸ்வரனின் நெற்றியில் வேர்வை வந்தது. கேமரன் மலையில் அது அபூர்வம்.

"கங்காணி, வெளையாட்டுக்கு நேரமில்லன்னு சொல்லு!"

"நானும் வெளையாடலன்னு சொல்லு. இந்தக் கொட்டக பழசா, புதுசான்னு கேட்டுச் சொல்லு."

"...பழசு."

"பழச இடிப்பாங்களா?"

"இடிக்க மாட்டாங்க."

"எனக்குக் கேட்டு என்ன ஆவப்போகுது கங்காணி. துரைக்குக் கேக்கணும்ல."

லோகேஸ்வரன் துரையின் பக்கம் திரும்பினார். கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். அந்த நிலைமையிலும் குரல் ஆபீஸ் குரலாகத்தான் வந்தது, ஒரு கட்டை மேலே ஏறியிருந்தாலும்: "குழுத் தலைவர்ங்கிற முறையில சொல்றேன்! இது இந்தத் தோட்டத்தோட ஆகப் பழைய விறகுக் கொட்டகை! பேணப்பட வேண்டியது! இதுல ஒரு கல்லக்கூட... ஒரு டால்பினக்கூட யாரும் தொடக் கூடாது!"

துரை பிலாரைப் பார்த்தான். விஷயத்தைத் தர்மா சொல்லக் கேட்ட பிலார் இரண்டு கைகளையும் உயர்த்தி, ஒப்பந்தத்தைக் கொண்டு வாருங்கள், இந்த அறையோடு சேர்த்துத்தான் கையெழுத்துப் போடுவேன் என்றாள். "அப்ப ஓகே" என்றான் துரை. அவனுக்குக் கையெழுத்து முக்கியம்.

பத்மா நகர்ந்தாள். லோகேஸ்வரன் மறைந்தார். தாழ்ப்பாள் விழுந்தது.

சற்று நேரம் நிம்மதியான அமைதி. இதைப் போட்டோ பிடித்திருந்தால் பென்யாசோர்தா தோற்றுப்போயிருக்கும். பிறகு உள்ளே எதையோ இழுக்கும் சத்தம், எதையோ திருகும் சத்தம், தொடர்ந்து ஒரு அலறல். ஃபிளஷ் என்று நினைத்துப் பெரிய கிராணி ஷவரைத் திருகிவிட்டார்.

"ஐயோ! சுடுது! நிக்க மாட்டேங்குது!"

"கங்காணி" என்றாள் பத்மா, "இடது பக்கம் திருப்பணும்னு சொல்லு."

அலறலில் கங்காணி எப்போதோ ஓடிப்போய்த் தேயிலைக்குள் நுழைந்திருந்தது.

"பூனைகிட்ட எதுக்கும்மா சொல்ற!" என்று உள்ளேயிருந்து குரல் உடைந்து வந்தது. "எங்கிட்ட சொல்லும்மா! எங்கிட்ட!"

பத்மா வாயைத் திறந்தாள், மூடினாள். இத்தனை வருஷத்தில் அவரை என்ன முறை வைத்துக் கூப்பிடுவது என்றுகூட அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

"இடது பக்கம் திருப்புங்க... கிராணியாரே."

தண்ணீர்ச் சத்தம் குறைந்தது. நின்றது. எல்லோரும் கலையப் போனார்கள். அப்போது மறுபடியும் தண்ணீர் விழ ஆரம்பித்தது. இந்த முறை அலறல் இல்லை. "ஹா" என்று நீளமாக ஒரு பெருமூச்சு. வெகுநேரம் கதவு திறக்கவில்லை. மல்லிகை மணம் மறுபடியும் தட்டி இடுக்கு வழியாக வந்தது. சோப்பையும் விடவில்லை.

பிலார் அன்செல்மோவைப் பார்த்துக் கண்ணடித்தாள். முனியாண்டி வீட்டுக்கு ஓடித் துண்டை எடுத்துக்கொண்டு வந்து வரிசையில் நின்றான். அவனுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர்.

பத்மா அவர்களை எல்லாம் விலக்கிக்கொண்டு முன்னால் போனாள். கதவை மூன்று தட்டு தட்டினாள். கை வலிக்கிற தட்டு.

"கிராணியாரே, போதும், வெளிய வாங்க. அடுத்தது நானு."